லூர்து மேரியின் இரண்டு தாள்கள்

1. ரேகை

மைப்பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "கட்டை விரலைக் காட்டுங்கம்மா" என்றேன். சவுரியம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"வெக்க மாட்டனுங்க டீச்சரம்மா."

"உங்க வீட்டுக்காரரு வச்சாச்சு. நீங்களும் வச்சாத்தான் ஃபாரம் செல்லும்."

"அவரு வெப்பாருங்க. கவர்மெண்டு ஆளுங்க சொன்னா மாடியில இருந்துகூடக் குதிப்பாரு. நான் பெத்தவளுங்க. எம்புள்ளைக்குப் புத்தி இல்லைன்னு எழுதுன காயிதத்துல எங்கையி படாது. போலீசக் கூப்புடறதுன்னாக் கூப்புடுங்க."

பக்கத்து ஸ்டூலில் ஆறு வயது லூர்து மேரி உட்கார்ந்திருந்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சவுரியம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார். எனக்கு அப்போதெல்லாம் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "நல்லதுக்குச் சொன்னாப் புரியுதா பாரு!" என்று பக்கத்து மேஜை ராஜம்மாவிடம் பொரிந்து தள்ளினேன்.

அந்த ஃபாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். லூர்து மேரிக்கு மந்தபுத்தி என்று எங்கள் அலுவலகம் சான்றிதழ் கொடுத்திருந்தது. அவளை வெளியூரில் இருந்த ஒரு விடுதிக்கு அனுப்பத் தாய் தகப்பன் சம்மதம் கேட்கும் ஃபாரம் அது. அங்கே போன பிள்ளைக்குப் பிறகு சாதாரணப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காது. பெற்றவர்கள் போய்ப் பார்ப்பதும் வருஷத்தில் ஒருமுறையோ இரண்டுமுறையோதான்.

அந்தச் சான்றிதழ் தப்பு. தப்பில் பெரிய பங்கு என்னுடையது. அது எப்படி நடந்தது, அதிலிருந்து என்னை யார் யார் கரையேற்றினார்கள் என்பதை, இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறேன்.

2. ஸ்டாப் வாட்ச் கிரேஸ்

நான் பிறந்து வளர்ந்தது மைசூர்தான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கான்வென்ட்டில் இங்கிலீஷ் என்று மூன்றையும் கலந்துகட்டிப் பேசி வளர்ந்தவள். நான்கு வருஷம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்துவிட்டு, பிள்ளைகளின் பேச்சும் மொழியும் பற்றிய ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் டெஸ்டராகச் சேர்ந்தேன். சுதந்திரம் வந்து பதினைந்து பதினாறு வருஷம் ஆகியிருக்கும். நம் ஊர்ப் பிள்ளை எந்த வயதில் எவ்வளவு பேசும், திக்குகிற பையன் பெரியவனானால் என்ன ஆவான், இதற்கெல்லாம் வெளிநாட்டுப் புத்தகம்தான் ஆதாரம். நம்முடையது என்று ஒன்றும் கிடையாது. அதை உண்டாக்கத்தான் எங்களைச் சேர்த்தார்கள்.

எங்களுக்கு மேலே இருந்தவர் நரசிம்மன் சார். மேலுகோட்டைக் குடும்பம். வீட்டில் அவர்கள் பேசுவது ஒரு பழைய தமிழ். நான் சேர்ந்த புதிதில் அந்தத் தமிழில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், நான் சிரித்துத் தொலைத்தேன். அதோடு என்னிடம் தமிழ் பேசுவதை விட்டுவிட்டார், கன்னடமும் இங்கிலீஷும்தான். இங்கே அவர் பேச்சாக வருவதெல்லாம் நான் தமிழில் எழுதியது.

டெஸ்ட் என்பது ஐம்பது படங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த படங்களில் பனியில் சறுக்கும் வண்டியும், சுவருக்குள் எரியும் அடுப்பும் இருந்தன. சார் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, சைன்போர்டு எழுதும் ஒருவரை வைத்து நம் ஊர்ப் படங்கள் வரையச் சொன்னார். அந்த மனிதர் வரைந்த ஆட்டுக்குட்டி அசல் நாய்க்குட்டி. முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகள் நாய் என்றார்கள், நாங்களும் வரிசையாகத் தப்புப் போட்டுக்கொண்டே இருந்தோம். பிறகு சார் வந்து படத்தைப் பார்த்து, "இது நாய்தானே?" என்றார். புதிதாக வரையச் சொன்னோம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான், கன்னடப் பிள்ளைகளுக்கு ராஜம்மா. நஞ்சன்கூடுப் பெண் அவள், என் வயது. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று சந்தேகம் வந்தால் ஒரு நாள் நான், மறுநாள் அவள் என்று இரண்டு டெஸ்டும் செய்வோம். படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கவேண்டும். பத்து செகண்ட் பொறுக்கவேண்டும். உதவக்கூடாது, தலையாட்டக்கூடாது. தமிழ் டெஸ்டில் தமிழ்ச் சொல்லுக்குத்தான் மார்க், கன்னட டெஸ்டில் கன்னடச் சொல்லுக்குத்தான். என் தாள்கள் என் அலமாரியில் இருக்கும், ராஜம்மாவின் தாள்கள் அவள் அலமாரியில். இரண்டு பேரும் மொத்த மார்க்கை மட்டும் தனித்தனிச் சீட்டில் எழுதி டைப்பிஸ்டிடம் கொடுப்போம்.

விதியை மயிரிழை பிசகாமல் கடைப்பிடிப்பவள் என்று எனக்குப் பெயர். ஆபீசில் "ஸ்டாப் வாட்ச் கிரேஸ்" என்பார்கள். கேலிதான். எனக்கென்னவோ அதில் பெருமையாகவே இருந்தது.

3. தாழ்வாரத்தில் கேட்ட மூன்று கேள்வி

லூர்து மேரியை அனுப்பியது அவள் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் ஹெட்மிஸ்ட்ரஸ். அங்கே தமிழ் வகுப்பும் உண்டு, கன்னட வகுப்பும் உண்டு. முதலில் தமிழ் வகுப்பில் உட்கார வைத்தார்களாம், வாயைத் திறக்கவில்லை. கன்னட வகுப்புக்கு மாற்றினார்களாம், அங்கேயும் அப்படியே. "காது கேட்கிறது, ஊமையும் இல்லை. பரிசோதித்துச் சொல்லவும். சரியில்லை என்றால் பெயரை நீக்கிவிடுகிறேன்" என்று கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

தசரா விடுமுறைக்கு முந்தின வாரம். டெஸ்டுக்கு முன்னால் கேஸ் ஹிஸ்டரி என்று ஒரு ஃபாரம் நிரப்பவேண்டும். அதில் ஒரு முழுப் பக்கம் ஹோம் விசிட். பிள்ளையின் வீட்டுக்கே போய், யாரோடு இருக்கிறது, யாரிடம் என்ன பேசுகிறது என்று கண்ணால் பார்த்து எழுதவேண்டும். வெளியே அடை மழை. வீடோ ஊர்க் கோடியில், பட்டு ஆலைக்குப் பின்னால். விடுமுறைக்குள் கட்டுக் கட்டாக ஃபைல் முடிக்கவேண்டும். நான் சவுரியம்மாவைத் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்தே கேட்டேன்.

"வீட்டுல என்ன பாஷை?"

"தமிழ்தானுங்க. நாங்க மார்டள்ளிங்க, கொள்ளேகால் பக்கத்து ஊரு. இவுங்கப்பாரு கொத்து வேலைக்கு வந்தாரு, அப்படியே வந்துட்டமுங்க, ரெண்டு வருசமாச்சு."

"நீங்க வேலைக்குப் போறீங்களா?"

"பட்டு ஆலையிலங்க. கூடு வேக வெச்சு நூலெடுக்கறது."

"வீட்டுல வேற யாரு?"

"நாங்க மூணு பேருதானுங்க."

மூன்று பதிலும் உண்மை. ஹோம் விசிட் பக்கத்தில் "தமிழ் மட்டும்" என்று எழுதி, நேரில் போய்ப் பார்த்ததாக டிக் போட்டு, கையெழுத்தும் போட்டேன். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

மறுநாள் டெஸ்ட். பூனைப் படத்தைக் காட்டினேன். "பெக்கு" என்றாள். கன்னடத்தில் பூனைக்கு அதுதான் பெயர். "தமிழ்ல சொல்லு" என்றேன். பேசாமல் இருந்தாள். பத்து செகண்ட் ஆனது, பூஜ்யம். குடைக்கு "சத்ரி" என்றாள். மறுபடியும் "தமிழ்ல" என்றேன், கொஞ்சம் குரலை உயர்த்தி. அதற்குப் பிறகு கேட்ட மொழியில் பெயர் தெரிந்தால் மட்டும் மெல்லச் சொன்னாள், தெரியாவிட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் ராஜம்மாவின் அறையில் விளக்குப் படத்துக்கு "விளக்கு" என்றிருக்கிறாள். "கன்னடதல்லி ஹேளு" என்று ராஜம்மாவும் விதிப்படி சொல்லியிருக்கிறாள். கன்னடத்தில் சொல் என்று அர்த்தம்.

ரிப்போர்ட்டில் டைப்பிஸ்ட் அடித்த வரி இது: "இரண்டு மொழிகளிலும் வயதுக்கு மிகக் கீழே." ஒரு மொழியில் குறைந்தால்கூட யோசிப்பார்கள், இரண்டிலும் குறைந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? என் ஹோம் விசிட் பக்கத்தை நம்பி நரசிம்மன் சார் கையெழுத்துப் போட்டார். விடுமுறை முடிந்ததும் சான்றிதழின் நகல் ஹெட்மிஸ்ட்ரசுக்குப் போனது, அவர் பிள்ளையை வகுப்புக்கு வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மந்தபுத்தி என்பது அப்படித்தான் முடிவானது.

4. ஊதுபத்திக் கட்டு

சவுரியம்மா ரேகை வைக்காமல் போனதைச் சாரிடம் சொன்னேன். "வீட்டுக்குப் போய் நிதானமா எடுத்துச் சொல்லுங்க கிரேஸ் அவரே. வீடுதான் உங்களுக்குத் தெரியுமே" என்றார். மைசூர்க்காரர்கள் மரியாதைக்குப் பெயரோடு "அவரே" சேர்ப்பார்கள். தெரியும் என்று தலையை ஆட்டினேன். அந்த வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. ஆலைக்குப் பின்னால் லைன் வீடுகள். ஒரு பொது முற்றம், நடுவில் குழாய். சவுரியம்மாவின் கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் பலகை வைத்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் எனக்கு முதுகு காட்டி ஒரு சிறுமி உட்கார்ந்து, காய்ந்த பத்திகளை எண்ணிக் கட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

பேசிக்கொண்டிருந்தாள் என்றால் சாதாரணப் பேச்சா! ஒரே கன்னட வெள்ளம். குழாயடியில் யார் யார் சண்டை போட்டார்கள், யார் குடையை யார் எடுத்துப் போனார்கள், பூனை எத்தனை குட்டி போட்டது, அதில் ஒன்றுக்கு மட்டும் ஏன் வால் கோணல். நடுநடுவே பூனைக்கு அதட்டல் வேறு. அந்த அம்மாள், "போதும் தாயே, கொஞ்சம் மூச்சு விடு" என்று கன்னடத்தில் சிரித்தார்.

மாதாவே! அது லூர்து மேரி.

என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். வாய் சட்டென்று மூடிக்கொண்டது. என் முகத்தைப் பார்த்தால் பேசக்கூடாது என்று நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அந்த அம்மாளின் பெயர் புட்டம்மா. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. விடிந்ததும் ஆலைச் சங்கு ஊதும்போது சவுரியம்மா பிள்ளையை அவரிடம் விட்டுப் போவாராம், பொழுது சாயும்போதுதான் வருவாராம், இரண்டு வருஷமாக. "பள்ளிக்கூடத்தில் ஏனோ பேசமாட்டேன் என்கிறாள். இங்கே இவள் வாயை அடைக்க எனக்குத்தான் முடியவில்லை" என்றார்.

சங்கு ஊதியதும் சவுரியம்மா வந்தார். கையெல்லாம் வெந்நீரில் ஊறி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் கடுகடுவென்று ஆனது.

"ரேகைக்கு வந்தீங்களா?"

"இல்லம்மா. ஒரு கேள்வி கேக்க வந்தேன். பகல் முழுக்க இவ யார்கூட இருக்கா?"

"புட்டம்மாகூடத்தான். அன்னிக்கு நீங்க அதக் கேக்கவே இல்லையேங்க."

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து லூர்துவின் குரல் தமிழில் கேட்டது. பசிக்கிறது என்றும், இன்றைக்குக் குழம்பில் கத்தரிக்காய் போடக்கூடாது என்றும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நேராக ராஜம்மாவிடம் போனேன். "உன் அலமாரிச் சாவியைக் கொடு" என்றேன். அவள் தாளையும் என் தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். பூனை, குடை, பம்பரம், பட்டம், தவளை, துடைப்பம் எல்லாம் அவள் தாளில் சரி. விளக்கு, தலையணை, போர்வை, சீப்பு, சோறு எல்லாம் என் தாளில் சரி. பகலில் பார்த்ததெல்லாம் புட்டம்மாவின் மொழியில், அம்மா வந்தபிறகு பார்த்ததெல்லாம் அம்மாவின் மொழியில். தமிழில் இருபத்திரண்டு, கன்னடத்தில் இருபத்தொன்று. இரண்டிலும் தெரிந்தது இரண்டே இரண்டு. அப்படியானால் அவளுக்குத் தெரிந்த பொருள்கள் ஐம்பதில் நாற்பத்தொன்று. நல்ல மார்க், என்னைக் கேட்டால் ரொம்ப நல்ல மார்க்.

"கிரேசு, நாமே இவளை ரெண்டா அறுத்துட்டோமே" என்றாள் ராஜம்மா, அவளுக்கு வரும் தமிழில். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லை, பயம்தான் வந்தது. சாரிடம் போகவேண்டும். தாள்களைக் காட்டினால் போதாது, அந்த ஹோம் விசிட் பக்கத்தையும் சொல்லவேண்டும். வேலை போய்விடும். அப்பா அப்போது ரிட்டையர் ஆகி உட்கார்ந்திருந்தார், வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான்.

"நானும் வரேன்" என்றாள் ராஜம்மா. அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை. இருந்தும் என் பக்கத்தில் வந்து நின்றாளே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

5. டாங்கா

நரசிம்மன் சார் இரண்டு தாள்களையும் பார்த்தார். பிறகு என் ஹோம் விசிட் பக்கத்தைப் புரட்டினார்.

"இதை எங்கே உட்கார்ந்து எழுதினீங்க?"

"இங்கே சார். என் நாற்காலியில."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"கிரேஸ் அவரே, ராஜினாமா கொடுக்க வந்தீங்களா, திருத்த வந்தீங்களா?"

"திருத்தணும் சார்."

"தாளை ரெண்டா வச்சு, ரெண்டு அலமாரியில பூட்டச் சொன்னது நான். பார்க்காம எழுதினது நீங்க. தப்பு ரெண்டு பேருக்கும். போய் ஒரு டாங்கா கூப்பிடுங்க. அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் பேரை அடிக்கறதுக்குள்ள போகணும்."

குதிரை வண்டியில் லைன் வீட்டுக்குப் போனோம். அன்று சவுரியம்மாவுக்கு வாராந்தர விடுப்பு. விஷயத்தைச் சொன்னதும் பிள்ளைக்கு முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றினார். புட்டம்மா பலகையை அப்படியே போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. தமிழும் கன்னடமும் ஒன்றுபோல் பேசுவார். மேஜையில் அட்மிஷன் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. சார் எல்லாவற்றையும் சொல்லி, திருத்திய ரிப்போர்ட்டை நீட்டினார். அவர் அதை வாங்கவே இல்லை.

"சார், போன வாரம் உங்க பேப்பரை நம்பி முடிவு பண்ணினேன். இந்த வாரம் வேற பேப்பர் கொண்டுவர்றீங்க. அடுத்த வாரம் எதைக் கொண்டுவருவீங்களோ? புள்ளைய நானே கேட்டுப் பாக்கறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லூர்துவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டார். பதில் இல்லை. கன்னடத்தில் கேட்டார். பதில் இல்லை. மேஜைமேல் இருந்த மணியைக் காட்டினார், பேனாவைக் காட்டினார். லூர்து தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பாத்தீங்களா?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவை எடுத்தார். இத்தனை தூரம் வந்தும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று நினைத்தேன்.

அதுவரை புட்டம்மா கதவோரம் நின்றிருந்தார். பெரியவர்கள் பேச்சு தமிழிலும் இங்கிலீஷிலும் நடந்ததால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சவுரியம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினார், என்ன என்று கேட்டு. சவுரியம்மாவுக்கோ சந்தையில் விலை கேட்கிற கன்னடத்துக்கு மேல் வராது. அவர் தன் வழக்கப்படி மகளிடம் திரும்பினார்.

"லூர்து, அந்தம்மாகிட்டச் சொல்லு. உன்னைய இங்க சேத்திக்க மாட்டாங்களாமா. பேரை அடிக்கப் போறாங்களாமா."

லூர்து புட்டம்மா பக்கம் திரும்பினாள். மெல்லிய குரலில், ஆனால் தட்டுத் தடங்கல் இல்லாமல், அதைக் கன்னடத்தில் சொன்னாள்.

புட்டம்மாவுக்கு வந்ததே கோபம்! கையை நீட்டி ஒரு பாட்டம் தீர்த்துவிட்டார். இவளுக்குப் பேச்சு வராது என்று சொன்ன கழுதை யார், இவள் பேசிப் பேசி என் காது வலிக்கிறது, ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல், கண் இருந்தும் குருடான கழுதை, பள்ளிக்கூடம் வைத்திருக்கிறாளாம் பள்ளிக்கூடம்! எல்லாம் கன்னடத்தில். ஹெட்மிஸ்ட்ரசுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"என்ன சொல்லுதாமா?" என்று சவுரியம்மா மகளைக் கேட்டார்.

லூர்து ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தமிழில், "நான் பேசிப் பேசிப் புட்டம்மாவுக்குக் காது வலிக்குதாமா. எட்மிஸ்ஸ ஒரு நாள் ஊட்டுக்கு வரச் சொல்லுது. வந்து உக்காந்து பாக்கோணுமாமா" என்றாள்.

அவ்வளவுதான். கழுதையையும் குருடையும் காணோம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவைக் கீழே வைத்தார். குனிந்து லூர்துவின் முகத்துக்கு நேராக வந்து, தமிழில் மெதுவாகக் கேட்டார். "அவங்க இன்னும் கொஞ்சம் சொன்னாங்களே, அதை ஏன் உங்கம்மாகிட்டச் சொல்லலே?"

லூர்து முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா எங்கம்மாவும் உங்களத் திட்டும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்துவிட்டார். சார் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். புட்டம்மா மட்டும் என்ன நடந்தது என்று புரியாமல், அடுத்த சண்டைக்குத் தயாராக இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ரெண்டு வருஷமா ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல இந்த வேலையைப் பார்த்திருக்கா. இதுக்கு மந்தபுத்தின்னு பேர் வச்சோமே" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், யாரையும் பார்க்காமல். ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, லூர்து மேரி என்ற பெயருக்கு எதிரில் ஒன்றாம் வகுப்பு என்று எழுதினார். எந்த வகுப்பில் உட்காருகிறாய் என்று அவளையே கேட்டார். ஜன்னல் இருக்கிற வகுப்பில் என்றாள்.

6. படிக்கட்டில்

வெளியே வந்ததும் சவுரியம்மாவிடம், "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றேன். அவர் படி இறங்கினார். கடைசிப் படியில் நின்று திரும்பினார்.

"ஏனுங்க டீச்சரம்மா, நான் ரேகை வெக்காமச் சண்டை போட்டனுங்க. சண்டை போடத் தெரியாத தாய்மாருங்க எத்தன பேருக்கு இப்படி எழுதிக் குடுத்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தக் கேள்வி பின்னால் வந்த சார் காதிலும் விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை வந்ததும் இரண்டு அலமாரிகளையும் திறக்கச் சொன்னார். இரண்டு டெஸ்டும் நடந்த ஃபைல்களையெல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தோம். அது முடியும்வரை புது டெஸ்ட் எதுவும் கிடையாது என்று மேலிடத்துக்கு எழுதினார். திட்டம் தாமதமாகிறது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. எல்லாவற்றுக்கும் தன் கையெழுத்தில் பதில் போட்டார். எங்கள் பெயர் ஒன்றில்கூட வரவில்லை.

சந்தேகம் வந்த வீடுகளுக்கு நானும் ராஜம்மாவும் போனோம். மைசூர்ச் சேரிகள், கொள்ளேகால் நெசவாளர் தெருக்கள், ராமாபுரம் பக்கத்துக் கிராமங்கள் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்டது, அது டெஸ்டின் தப்பில்லை. சில பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சில குடும்பங்கள் ஊரைவிட்டே போயிருந்தன.

கொள்ளேகாலில் ஒரு வீட்டில், பையன் விடுதிக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவனைத் திரும்பக் கூட்டிவரலாம் என்று சொன்னபோது, அவன் தாய் எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "படிச்சவங்க நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு ரேகை வெச்சமுங்க. ஒரு நாளும் உங்களக் கொறை சொன்னதில்லீங்க." எங்களை நம்பினார் என்பதற்காக அந்தப் பிள்ளை ஒரு வருஷம் தாயைப் பிரிந்து இருந்திருக்கிறான். அந்தக் காப்பியை எப்படிக் குடித்தேனோ தெரியாது.

அதற்குப் பிறகு தாள் ஒன்றாயிற்று. எந்த மொழியில் சொன்னாலும் சொன்னது எழுதப்படும். ஹோம் விசிட் முடியாமல் ஸ்டாப் வாட்ச்சைத் தொடக்கூடாது என்றார் சார். முப்பது வருஷம் நான் இந்த வேலையில் இருந்தேன். திக்குகிற கல்லூரிப் பையன்கள், காது கேளாத குழந்தைகள், பேசப் பிந்தியவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: பகலில் பிள்ளை யாரோடு இருக்கிறது?

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இவ்வளவுதான். உங்களோடு சண்டை போடுகிற தாயை உட்காரவைத்துக் கேளுங்கள். சண்டை போடாத தாயின் வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள்.

ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு அன்று நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். சவுரியம்மா தூங்கவிடவில்லை. கொள்ளேகால் பையன் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியதும், அவன் தாய் ஓடிவந்து அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்ததும் அந்த ஒரு கேள்வியால்தான். பெற்ற மகளுக்கு இடம் கிடைத்த கையோடு, முகம் தெரியாத பிள்ளைகளுக்காகவும் கேட்டார் அந்த அம்மாள். அன்று எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிவிடுகிறேன்: நன்றி, சவுரியம்மா.